காபிப் பொடியின் இருபதும் பிஸ்கட்டின் ஒன்பதும்

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் வழக்கமாகக் காபிப் பொடி வாங்கும் கடையில், வறுத்த கொட்டையை அரைவை இயந்திரத்தில் கொட்டுவதற்கு முன் கடைக்காரர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" எண்பதுக்கு இருபது என்று அப்பா சொல்வார். பல ஆண்டுகளாக அதே பதில்தான். ஆனாலும் அவர் கேட்காமல் அரைத்ததில்லை. உறையிலிட்டு விற்கும் காபிக்கும் இந்த நாணயத்தைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. சிக்கரி கலந்த காபியில் காபியின் அளவு 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதோடு, காபி எத்தனை, சிக்கரி எத்தனை என்று உறையில் அச்சிட்டே ஆக வேண்டும்.

சர்க்கரை நோய்க்காரரான அப்பா, சென்ற மாதம் அதே தெருவில் இருந்த பலசரக்குக் கடையிலிருந்து ஒரு கேழ்வரகு பிஸ்கட் பொட்டலத்தை மிகுந்த மனநிறைவோடு வாங்கி வந்தார். முன்பக்கத்தில் கேழ்வரகுக் கதிரின் படம், மண்ணின் நிறம், சணல் துணியைப் போன்ற பின்னணி. நார்ச்சத்து என்ற சொல் மட்டும் பெரிதாக. பின்பக்கம் மடித்து ஒட்டியிருந்த ஓரத்தைப் பிரித்து, அவர் பஞ்சாங்கம் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியின் உதவியால் படித்தபோது முதலில் வந்தது மைதா, அடுத்தது சர்க்கரை, அதன்பின் பாமாயில், நான்காவதாகக் கேழ்வரகு மாவு 9 சதவீதம். கேழ்வரகின் நிறம் என்று நாங்கள் நினைத்திருந்த பழுப்பில் ஒரு பங்கு 150டி என்ற எண்ணுக்கு உரியது. அது கேரமல் நிறமி.

இதில் எதுவும் பொய்யில்லை என்பதுதான் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. மூலப்பொருள்களை எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. வரிசை சரியாகவே இருந்தது. ஒரு பொருளைப் படமாகவோ சொல்லாகவோ முன்னிறுத்தினால் அதன் சதவீதத்தைக் குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள் சொல்கின்றன, அதுவும் குறிப்பிடப்பட்டிருந்தது. காபிக் கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்பதை இந்த நிறுவனம் ஒட்டின ஓரத்துக்குள் கிசுகிசுக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

வரிசையிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. சர்க்கரை இரண்டாவதாக நின்றதோடு முடியவில்லை. கேழ்வரகுக்குக் கீழே இன்வர்ட் சிரப், அதற்கும் கீழே லிக்விட் குளுக்கோஸ். மூன்றும் உடலுக்கு இனிப்புதான் என்றாலும், மூன்று பெயர்களாகப் பிரிந்து நிற்கும்போது ஒவ்வொன்றும் பட்டியலில் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. மொத்தமாகச் சேர்த்து எழுதினால் அது மைதாவுக்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கும் என்பதை வாங்குபவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊட்டச்சத்துக் கட்டத்தில் 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தி இரண்டு பிஸ்கட்டை ஒரு பரிமாறலாகக் கொள்கிறது; மாலைத் தேநீரோடு இரண்டு பிஸ்கட்டில் நிறுத்துபவர் எங்கள் வீட்டில் யாருமில்லை. நூறு கிராமுக்கு என்ற பத்தியைப் பார்த்தால் சர்க்கரை 24 கிராம். அப்பா சாப்பிடும் நான்கு பிஸ்கட்டின் எடை ஏறக்குறைய 32 கிராம் என்று வைத்தால், கிட்டத்தட்ட இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று அவர் ஒதுக்குவது இதைவிடக் குறைவு.

உறையில் இருந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதினொரு நாள் கழித்து, எல்லா விதிகளும் பின்பற்றப்பட்டுள்ளன என்ற மறுமொழியும், அதைத் தொடர்ந்து ஒரு பரிசுப் பெட்டியும் வந்தன. பெட்டிக்குள் அதே பிஸ்கட், ஆறு பொட்டலம்.

எனக்காவது பூதக்கண்ணாடி வைத்து ஆங்கிலத்தைப் படிக்க முடிகிறது. எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவ வரும் அக்கா தாராவியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், இந்தியை நன்றாகப் பேசுவார், படிக்க வராது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்பதால், பின்பக்கம் அவருக்கு வெறும் கறுப்புப் புள்ளிகள். அவரோடு பேசுவது முன்பக்கத்துப் படம் மட்டுமே. இரண்டு கோடைகளுக்கு முன் பேரனுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, மருந்துக்கடையிலிருந்து ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்) என்ற எழுத்துகளைப் பெயரிலேயே தாங்கிய ஆரஞ்சுச் சுவை பானம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டர் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான் இருக்க வேண்டும். இத்தகைய பானங்களில் சர்க்கரை அதைப்போல் பல மடங்கு இருந்தது. அந்த அளவு சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை மேலும் கூட்டக்கூடியது. 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2022-இல் அனுமதித்திருந்தது. அந்த வரி யாருக்காக அச்சிடப்பட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்காவின் பேரன் மூன்றாம் நாள் சயான் மருத்துவமனையில் சலைன் ஏற்றிக்கொண்டு தேறினான்.

அந்த அனுமதியை ஆணையம் 2025 அக்டோபரில் திரும்பப் பெற்றது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் எழுதியும் வழக்காடியும் அவர் இதைச் சாதித்தார். 2024-இல் மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவு போனது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. அதே ஆண்டு ஜூனில், வற்றவைத்துக் கெட்டியாக்கிய சாற்றில் மீண்டும் நீர் கலந்து செய்த பானங்களின் உறையிலிருந்து 'நூறு சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்கச் சொன்னார்கள். இவையெல்லாம் கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்ததால் மட்டும் நடந்தவை அல்ல. யாரோ விடாமல் எழுதிக்கொண்டிருந்ததால் நடந்தவை.

ஆகவே பொட்டலத்தைத் திருப்புவதோடு நான் நிற்பதில்லை. வாங்கும் எல்லாவற்றையும் ஆராய்வது ஆகாத காரியம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாரந்தோறும் வாங்குவது, நோயாளிக்கோ குழந்தைக்கோ வாங்குவது, இந்த இரண்டை மட்டும் முதல் மூன்று மூலப்பொருள்களும் நூறு கிராம் கணக்கும் பார்த்து வாங்குகிறேன். நம் சமையலறையின் பெருங்காய டப்பாவையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ந்திருப்பது சாதாரணம், கோதுமை ஒவ்வாதவர்கள் ரசத்தைச் சந்தேகிப்பதில்லை.

சந்தேகம் முற்றினால் ரசீதையும் உறையையும் எறியாமல், உரிம எண்ணின் பதினான்கு இலக்கங்களும் தொகுதி (பேட்ச்) எண்ணும் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் தரலாம். மும்பையில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது மாநில உணவு மருந்து நிர்வாகம். அதன் அலுவலகம் பாந்திரா-குர்லா வளாகத்தில் இருக்கிறது. பலருக்குத் தெரியாத ஓர் உரிமையும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம்; குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தவறான விளம்பரத்துக்கு அதே சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. என் பிஸ்கட் விஷயத்தில் சோதிக்க ஒன்றுமில்லை. படத்துக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தை மட்டும் குறிப்பிட்டு 1915-இல் பதிவு செய்தேன். புகார் எண் வந்திருக்கிறது. பரிசுப் பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியின் மேல் இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை காபிப் பொடி வாங்கிய கையோடு அப்பா பலசரக்குக் கடைக்குள் நுழைந்து, அங்கிருந்த இன்னொரு கேழ்வரகு பிஸ்கட்டைச் சுட்டிக்காட்டி, "இதில் நாச்சணி எவ்வளவு?" என்று இந்தியில் கேட்டார். நாச்சணி என்றால் கேழ்வரகு. கல்லாவில் இருந்தவர் பொட்டலத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் தேடினார், பிறகு சிரித்துக்கொண்டே பின்னால் இருந்த மூட்டையைக் காட்டி, "சேட்ஜி, அதில் முழுவதும் நாச்சணிதான்" என்றார். அப்பா அரைக் கிலோ மாவு வாங்கிக்கொண்டு வந்தார். அதில் கூழா, அடையா என்பதில் வீட்டில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.