பென்சில்வேனியாவின் பெத்லகேம்: டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 7, 2024, சனி

பெத்லகேம் மெயின் ஸ்ட்ரீட்டில் இன்று நடக்கவே இடமில்லை. 1937-இல் இந்த ஊருக்குக் 'கிறிஸ்துமஸ் நகரம்' என்று பட்டம் சூட்டினார்கள். அதிலிருந்து டிசம்பர் முழுக்கத் திருவிழாதான்.

ஊர்ப் பெயர் அந்தப் பட்டத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் மூத்தது. இப்போது ஹோட்டல் பெத்லகேம் இருக்கும் இடத்தில் அப்போது ஒரு மரக்கட்டை வீடு இருந்தது. ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் மாடுகள். 1741 டிசம்பர் 24 இரவு, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த, மொராவியர் என்ற புராட்டஸ்டன்ட் சபையாரின் தலைவர் சின்செண்டார்ஃப் பிரபு அங்கே ஆராதனை நடத்தினார். எருசலேமை விட்டுவிட்டுப் பெத்லகேமைப் போற்றும் ஒரு ஜெர்மன் பாட்டைப் பாடியபடி எல்லோரும் மாட்டுக் கொட்டில் பக்கம் போனார்கள். அந்தப் பாட்டிலிருந்துதான் ஊருக்குப் பெயர் கிடைத்தது.

எனக்கு இந்த மொராவியர்கள்மேல் தனிப் பற்று உண்டு, நான் தரங்கம்பாடியை ஒட்டிய பொறையாறு பக்கத்துக்காரன். சின்செண்டார்ஃப் ஜெர்மனியின் ஹாலே பள்ளியில் படித்த காலத்தில் தரங்கம்பாடி மிஷனரிகளின் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். அவரைப் பின்பற்றிய மொராவியர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கே வந்து, ஊருக்கு வெளியே தோட்டம் போட்டுக் குடியிருந்தார்கள். அங்கிருந்து நிக்கோபாருக்கு ஊழியம் செய்யப் போனவர்களில் பலர் காய்ச்சலில் செத்துப்போனார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

மதியம் எம்மாவு வரை போய் வந்தோம். அதுவும் மொராவியர் ஊர்தான்; 1761-இல் வைத்த பெயர். அங்கே ஒரு காபி, அவ்வளவுதான்.

டிசம்பர் 14, சனி

இன்று முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருந்தேன். மெயின் ஸ்ட்ரீட் கூட்டத்திலிருந்து சில நிமிட நடை, ஆனால் ஆளே இல்லை. 1742-இல் தொடங்கிய தோட்டம். சிலுவையோ சிலையோ மாடமோ கிடையாது. எல்லாக் கல்லும் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. ஈர இலைகளைக் கையால் ஒதுக்கினால்தான் பெயர் தெரியும்.

குடும்பம் குடும்பமாகப் புதைக்கும் வழக்கமும் இவர்களிடம் இல்லை. மணமாகாத ஆண்கள், மணமாகாத பெண்கள், மணமானவர்கள், சிறுவர்கள் என்று உயிரோடு இருந்தபோது எந்தக் குழுவில் இருந்தார்களோ, அந்த வரிசையிலேயே கிடக்கிறார்கள். ஜெர்மன்காரர் பக்கத்தில் ஆப்பிரிக்கர், அவருக்குப் பக்கத்தில் பூர்வகுடி. 1746-இல் அம்மை கண்டு இறந்த மோஹிக்கன் பூர்வகுடி ஒருவரின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் யோவான்.

கிறிஸ்தவக் கல்லறையிலும் சாதி பார்த்துச் சுவர் வைத்த ஊர்கள் நம்மிடம் உண்டு. அதனால்தானோ என்னவோ, அந்த வரிசையை விட்டு நகர மனம் வரவில்லை. இதே மொராவியர்கள் இதே ஊரில் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். மண்ணுக்குள் கொடுத்த சமத்துவத்தை மேலே முழுசாகக் கொடுக்கவில்லை.

இந்த மொராவியக் குடியிருப்பு இந்த ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. முடிவு எடுத்த கூட்டம் நடந்தது புது தில்லியில்.

டிசம்பர் 24, செவ்வாய்

மொராவியன் சபையில் இரவு ஆராதனை. அடியில் சிவப்புக் காகிதம் சுற்றிய தேன்மெழுகுத் திரியை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். எல்லோரும் ஏற்றி ஒன்றாக உயர்த்திப் பிடித்தபோது உடம்பு சிலிர்த்தது.

வெளியே வந்ததும் போனில் அசல் பெத்லகேமின் படங்கள். காசாவில் போர் நடப்பதால் இந்த வருஷமும் அங்கே தொழுவச் சதுக்கத்தில் மரம் இல்லை, விளக்கு இல்லை. எருசலேமிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லாத ஊர், நடுவே சுவரும் சோதனைச் சாவடியும். அந்தப் பெயரை வைத்துப் பண்டிகை கொண்டாடும் ஊரில், இன்றைக்காவது அங்கே வாழும் பாலஸ்தீனர்களுக்காக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து நாங்கள் அதைச் செய்தோம்.

டிசம்பர் 28, சனி

பென்சில்வேனியாவின் நாசரேத். வெளியுலகத்துக்கு இது மார்ட்டின் கிட்டார் செய்யும் ஊர். 1839 முதல் இங்கேதான் செய்கிறார்கள். நான் போனது வைட்ஃபீல்டைத் தேடி. பிரசங்கியார் ஜார்ஜ் வைட்ஃபீல்ட் 1740-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட இங்கே 5,000 ஏக்கர் வாங்கினார். கட்டட வேலைக்கு வந்த மொராவியர்களோடு வேத விஷயத்தில் தகராறு வந்து, அவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு பணமுடை வர, 1741-இல் அவர்களுக்கே நிலத்தை விற்றார். பள்ளி வரவே இல்லை.

ஆனால் அது யார் நிலம்? இங்கே வெலகாமிகா என்ற, லெனாப்பே பூர்வகுடிகளின் கிராமம் இருந்தது. ஒன்றரை நாளில் ஒருவர் நடந்து கடக்கும் தூரம்தான் எல்லை என்று ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, 1737-இல் அப்போது பென்சில்வேனியாவுக்கு உரிமையாளர்களாக இருந்த பென் குடும்பத்தார் அளந்தார்கள். முன்கூட்டியே பாதை வெட்டி, வேகமாக ஓடக்கூடிய ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரைச் சுருட்டினார்கள். நாசரேத்தும் அதற்குள் அடக்கம். மொராவியர் காசு கொடுத்து வாங்கினார்கள்தான். அந்தக் காசு லெனாப்பேக்களுக்குப் போகவில்லை. நாங்கள் இங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்று அவர்கள் முறையிட்டும் கேட்பாரில்லை. ஊர் எல்லைப் பலகையில் நாசரேத்துக்குப் பக்கத்தில் வெலகாமிகா என்றும் எழுத வேண்டும். நகராட்சிக்கு இதைக் கடிதமாக எழுதப் போகிறேன்.