அப்பாவின் பட்டறையை யார் மீட்பது?

கெய்ரோ நகரப் பேருந்து ஒன்றில் ஒரு பெண் கூச்சலிடுகிறாள். பணத்தைப் பறித்தவன் வண்டியிலிருந்து குதித்துத் தப்பி ஓடுகிறான். அதைப் பார்த்தும், தனக்கு வேறு ஆயிரம் கவலை இருக்கிறது என்பதுபோல ஓட்டுநர் ஹசன் வண்டியைச் செலுத்திக்கொண்டு போகிறான். ஆதிஃப் அல் தய்யிப் 1982ஆம் ஆண்டு இயக்கிய 'பேருந்து ஓட்டுநர்' என்ற எகிப்தியப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. ஹசனாக நடித்த நூர் அல் ஷெரீஃப், 1983இல் புதுதில்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார்.

கதை ஒரு வரி பாக்கியைப் பற்றியது. ஹசனின் தந்தை ஆயுள் முழுவதும் உழைத்து உருவாக்கிய தச்சுப் பட்டறையை அவருடைய மருமகன்களில் ஒருவர் கவனித்துவருகிறார். அவர் வரியைக் கட்டாமல் விட்டதால் பட்டறை ஏலத்துக்கு வந்துவிடுகிறது. மீட்பதற்கு 20,000 எகிப்திய பவுண்டு வேண்டும். பகலில் பேருந்தும் மற்ற நேரங்களில் சொந்த டாக்சியும் ஓட்டிப் பிழைக்கும் ஹசன், சகோதரிகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கேட்கிறான். துறைமுக நகரமான போர்ட் சைதில் இருப்பவர்கள் வெளிநாட்டுச் சரக்கு வியாபாரத்தில் செழித்தவர்கள். தமியேட்டாவில் இருப்பவர்களுக்கு மரச்சாமான் தொழில். எல்லா வீட்டிலும் உபசாரம் கிடைக்கிறது, பணம் மட்டும் கிடைப்பதில்லை. போதாததற்கு, மாமனாரின் பட்டறையைத் தாமே விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே என்று கணக்குப் போடும் மருமகனும் உண்டு. இந்தக் காட்சிகளில் யாரும் கத்துவதில்லை. தட்டு நிறைய உணவு, பேச்சு நிறைய அன்பு, அதன் நடுவே மெல்ல நழுவும் ஒரு மறுப்பு. சொந்தக்காரர் வீட்டில் கடன் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பிய எவருக்கும் அந்த மரியாதையின் கூர்மை விளங்கும்.

ஹசன் இஸ்ரேலுக்கு எதிரான 1973 போரில் சண்டையிட்டவன். மறு ஆண்டே அதிபர் சாதாத் நாட்டின் சந்தையைத் தனியார் முதலீட்டுக்கும் இறக்குமதிக்கும் திறந்துவிட்டார். 'இன்ஃபிதாஹ்' என்று அழைக்கப்பட்ட அந்தக் கொள்கையில் சிலர் விரைவாகப் பணக்காரர் ஆனார்கள். படத்தில் தந்தைக்காகக் கை கொடுப்பவர்கள் ரத்த உறவுகள் அல்லர், ஹசனோடு போர்க்களத்தில் இருந்த நண்பர்கள்தாம். அவனும் டாக்சியை விற்கத் துணிகிறான்; அதனாலேயே அவனுடைய மணவாழ்க்கையும் ஆட்டம் காண்கிறது.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்பூஸின் நாவலைத் தழுவி சலாஹ் அபூ சைஃப் எடுத்த 'ஆதியும் அந்தமும்' (1960) குடும்பத்தையும் பணத்தையும் இதே போல எதிரெதிரே நிறுத்தியது. அங்கே குமாஸ்தா வேலை பார்த்த தந்தை இறந்ததும் வீடு சரிகிறது. மகள் நஃபீசா தையல் வேலைக்குப் போகிறாள். காதலித்தவனால் ஏமாற்றப்பட்டு, பிறகு உடலை விற்கும் நிலைக்கு வருகிறாள். மூத்த அண்ணன் தீய வழியில் சம்பாதிக்கிறான். நடு அண்ணன் படிப்பை நிறுத்தி வேலையில் சேர்கிறான். இத்தனை பேரின் தோள்மீது ஏறி நின்று கடைசித் தம்பி ஹசனைன் ராணுவ அதிகாரி ஆகிறான். ஹசனைனாக நடித்த ஓமர் ஷெரீஃப் அந்தச் சீருடையில் அவ்வளவு அழகாக இருக்கிறார் என்பதே நமக்கு உறுத்தலாகிறது, ஏனெனில் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அவனைத் தவிர நம் எல்லோருக்கும் தெரியும். உண்மை தெரிந்ததும் தன் மானத்தைக் காக்கத் தமக்கையை நைல் நதிப் பாலத்துக்கு அழைத்துப்போகிறான். அவள் குதிக்கிறாள், பிறகு அவனும்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இது: 1960 படத்தில் தந்தை இல்லாததால், பணம் இல்லாததால் குடும்பம் உடைகிறது, 1982 படத்தில் தந்தை உயிரோடு இருக்கிறார், பணமும் இருக்கிறது, இருந்தும் உடைகிறது. வறுமைதான் உறவைக் கெடுக்கும் என்று நாம் வசதியாக நம்பிக்கொண்டிருப்பதை இரண்டாவது படம் அசைத்துவிடுகிறது. அதனால் அதையே கடுமையான படமாகக் கருதுகிறேன், பாலத்துக் காட்சிக்கு நிகரான அதிர்ச்சி அதில் இல்லாவிட்டாலும்.

பெண்களுக்கோ இந்தக் கணக்கு நீதிமன்றத்திலும் தொடர்ந்தது. சயீத் மர்சூக்கின் 'எனக்கு ஒரு தீர்வு வேண்டும்' (1975) படத்தில் ஃபாத்தின் ஹமாமா, விவாகரத்து கேட்டு நீதிமன்றத்துக்கு அலையும் மனைவியாக வருகிறார், வழக்கு தோற்கிறது. 1979இல் எகிப்தின் குடும்பச் சட்டம் திருத்தப்பட்டது, 1985இல் அத்திருத்தம் செல்லாது என அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியது. மனைவி தன் பொருளாதார உரிமைகளை விட்டுக்கொடுத்து, திருமணத்தின்போது கணவன் தந்த மஹரையும் (மணக்கொடை) திருப்பித் தந்து விலகும் 'குல்உ' முறைக்கு 2000இல்தான் சட்டம் வழி செய்தது. அதிலும் விடுதலைக்கு ஒரு விலை இருந்ததைக் கவனியுங்கள்.

'பேருந்து ஓட்டுநர்' கதையை உருவாக்கியவர்களில் ஒருவரான முகமது கான், 1988இல் இரண்டு வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றி எடுத்த 'ஹிந்த், கமீலியாவின் கனவுகள்' படத்தில் வேறு திசையில் போகிறார். ரத்த உறவுகள் சுரண்டுகிற இடத்தில், தோழிகளான அந்த இருவரும் ஹிந்தின் மகள் அஹ்லாமை வளர்க்கிறார்கள். அந்தப் பெயருக்கு அரபு மொழியில் 'கனவுகள்' என்று பொருள். கையில் கொஞ்சம் பணம் வந்ததும் கடல் பார்க்க அலெக்சாந்திரியாவுக்குக் கிளம்புகிறார்கள். வழியில் யாரோ மயக்கமருந்து கொடுத்து அவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துவிடுகிறார்கள். கண்விழித்ததும் தோழிகள் பணத்தைத் தேடுவதில்லை, குழந்தையைத் தேடி ஓடுகிறார்கள். அஹ்லாம் கடற்கரையில் இருக்கிறாள்.