ஒதுக்கிய உணவுகளைத் திரும்பச் சேர்த்த விதம்

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவரில் புண்ணும் அழற்சியும் வருவதும் தணிவதுமாக இருக்கும் நோய். மெசலமைன் மாத்திரையில் அது அடங்கியிருந்த காலத்திலும் உப்புசம், பிடித்து இழுக்கும் வலி, சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓட வைக்கும் அவசரம் எதுவும் நிற்கவில்லை. வீட்டுக்கு வருபவர்கள் ஆளுக்கொன்றாக நிறுத்தச் சொன்னார்கள். கத்திரிக்காய் கரப்பான், பருப்பு வாயு, கோதுமை சூடு, பால் சேராது. கடைசியில் தட்டில் மிஞ்சியது குழைந்த சோறு, மோர், இட்லி. எடை இறங்கியது, ஹீமோகுளோபினும் இறங்கியது.

குடல் மருத்துவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே மலத்தில் கால்புரோடெக்டின் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் ஒரு புரதம் அது. "உள்ளே அழற்சி இருக்கா இல்லையான்னு தெரியாம சாப்பாட்டு மேல பழி போடக் கூடாதும்மா" என்றார். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக இயல்பு. 250-ஐத் தாண்டினால் நோய் விழித்திருக்க வாய்ப்பு அதிகம். எனக்குக் குறைவாகவே வந்தது. ஆகவே மாத்திரையில் கை வைக்காமல், தொந்தரவு தரும் உணவைத் தேடலாம் என்று முடிவானது.

அடுத்தது சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய் அது. கோதுமையை விட்டுவிட்டவர்களுக்கு, நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அதனால் சில வாரம் தினமும் சப்பாத்தி சாப்பிட்ட பிறகே ரத்தம் கொடுத்தேன். இல்லை என்று வந்தது. உறுதியாகியிருந்தால் கடையில் வாங்கும் கூட்டுப்பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்துத்தான் சமைக்க வேண்டியிருந்திருக்கும்.

இதற்கிடையே ஒரு பரிசோதனைக்கூடம் நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஐஜிஜி ரத்தப் பரிசோதனை செய்து 'ஆகாத பட்டியல்' தருவதாகச் சொல்லி, பெரிய தொகை கேட்டது. மருத்துவர் வேண்டாம் என்றார். ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம். ஓர் உணவுக்கு அது இருந்தால் அந்த உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்றுதான் பொருள். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே பயந்து பயந்து சாப்பிடும் நோயாளியிடம் இப்படி ஒரு பட்டியலை விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டயட்டீஷியன் முதலில் கேட்ட கேள்வி: "எதையாவது சாப்பிட்டு உதடு வீங்கியிருக்கா? உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருக்கா?" அப்படி வந்த உணவை வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது, ஒவ்வாமை மருத்துவரிடம்தான் போக வேண்டும். எனக்கு அப்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஃபாட்மேப் முறையைத் தொடங்கினார். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது அது. ஃபாட்மேப் என்பவை சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில மாவுச்சத்துகள். அவை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பெருங்குடலுக்குப் போனதும் பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். வெங்காயம், பூண்டு, கோதுமை ஒரு வகை, பருப்பு, கொண்டைக்கடலை இன்னொன்று, பால் வேறொன்று. இவற்றைக் குறைத்தால் உபாதை குறையலாம். குடல் புண்ணை இது ஆற்றாது, அதற்கு மருந்துதான்.

ஒதுக்கி வைக்கும் கட்டம் இரண்டு முதல் ஆறு வாரம்தான், அதற்கு மேல் நீட்டக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அப்போதும் கால்சியத்துக்குத் தயிரும் நெத்திலியும், புரதத்துக்கு முட்டையும் இருந்தன. வாரம் ஒருமுறை எடை பார்த்தோம்.

பூண்டில்லாத சமையலை அத்தையால் ஏற்க முடியவில்லை. வழி எண்ணெயில் கிடைத்தது. பூண்டில் உபத்திரவம் செய்யும் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் வரும், வலி வராது. ரசத்தில் தட்டிப்போட்ட பூண்டைப் பிறகு பொறுக்கி எடுப்பதில் பயனில்லை. அதற்குள் ஃபிரக்டான் ரசத்தில் இறங்கியிருக்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி.

வயிறு அமைதியானது. அந்த நிம்மதியில் அப்படியே இருந்துவிடத்தான் எனக்கு ஆசை. டயட்டீஷியன் விடவில்லை. ஒரு வகைக்கு ஓர் உணவு, மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூடும். பிறகு வயிறு அடங்கும்வரை ஓய்வு, அதன் பிறகே அடுத்தது. நோட்டில் அளவு, நேரம், தூக்கம், மாதவிலக்கு, மலத்தின் தன்மை எல்லாம் எழுதினேன். மலத்துக்கு 1 முதல் 7 வரை வகை பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணை உதவியது. 'சரியில்லை' என்று எழுதுவதைவிட '6' என்று எழுதினால் மருத்துவருக்கு உடனே புரிகிறது. வலி சில சமயம் மறுநாள்தான் வரும். கடைசியாகச் சாப்பிட்டதே காரணம் என்று நான் நினைத்த பலவற்றை அந்த நோட்டு மாற்றிவிட்டது.

பால் சோதனையின் நடுவில் மலத்தில் ரத்தம் தெரிந்தது. பாலின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்காமல் சோதனையை நிறுத்தி அன்றே மருத்துவரைக் கூப்பிட்டேன். கால்புரோடெக்டின் ஏறியிருந்தது, நோய்தான் விழித்திருந்தது. மருந்தின் அளவைக் கூட்டி, மறுபடி அடங்கிய பிறகே பாலுக்குத் திரும்பினோம். ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு இவை வந்தால் உணவுச் சோதனைக்கு அங்கே இடமில்லை.

இப்போது காபிக்கான பால் ஒத்துக்கொள்கிறது, முழு டம்ளர் பால் ஒத்துக்கொள்வதில்லை. சப்பாத்தி இரண்டு வரை பிரச்சினையில்லை. துவரம்பருப்பு தண்ணீராக வைத்த சாம்பாரில் சரி, கெட்டிப் பருப்பில் சரியில்லை. கத்திரிக்காய் எந்த அளவிலும் ஒன்றும் செய்யவில்லை. இத்தனை காலம் அதை வீணாக ஒதுக்கியிருந்தேன். பூண்டும் சின்ன வெங்காயமும்தான் உண்மையான உபத்திரவம். தாங்கும் அளவு காலப்போக்கில் மாறக்கூடும் என்பதால், சில மாதம் கழித்து வெங்காயத்தை மட்டும் சின்ன அளவிலிருந்து மறுபடி சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.