அப்பாவின் பதக்கங்களும் பேதுருவின் பட்டயமும்

பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில்தான் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம். அப்பா அங்கே அவில்தாராக இருந்தவர். 1971 போரில் கண்ணிவெடி அகற்றியவர். பதக்கங்களைப் பழைய பிஸ்கட் டப்பாவில், வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார்.

போன வருஷம் ஒரு ஞாயிறு ஆராதனையில் போர் வெற்றிக்காக ஜெபித்தார்கள். எனக்கு ஆமென் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஏம்மா, வாயே திறக்கல?" என்றார் அப்பா.

"கெத்செமனே தோட்டத்தில் பிடிக்க வந்தவங்ககிட்டேயிருந்து இயேசுவைக் காப்பாற்றத்தானேப்பா பேதுரு பட்டயத்தால, அதான் வாளால, வெட்டினார்? அதைவிட நியாயமான காரணம் இருக்கா? அப்பவும் இயேசு பட்டயத்தை உறையில போடச் சொன்னார். வெட்டுப்பட்ட வேலைக்காரன் மல்குஸின் காதையும் தொட்டுக் குணமாக்கினாரே."

"இயேசுகிட்ட வந்த ரோமப் படை அதிகாரி, அந்த நூற்றுக்கு அதிபதியை வேலையை விடச் சொன்னாரா?" என்றார் அப்பா.

சொல்லவில்லைதான். அவனுடைய விசுவாசத்தைப் பாராட்டினார். ஆனால் பாராட்டியது வாளை அல்ல என்றே நான் நம்புகிறேன்.

அப்புறம் மாக்சிமிலியன் கதையைச் சொன்னேன். கி.பி. 295, இன்றைய அல்ஜீரியா. 21 வயதுப் பையன், தான் கிறிஸ்தவன் என்று சொல்லி ரோமப் படையில் சேர மறுத்தான். ஆளுநர் அவன் அப்பாவிடம், மகனுக்குப் புத்தி சொல்லும்படி கேட்டார். என்ன செய்வதென்று அவனுக்கே தெரியும் என்றார் அந்த அப்பா. பையனின் தலையை வெட்டினார்கள்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. டப்பாவை எடுத்து ஒரு பதக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"நான் எடுத்த கண்ணிவெடிய எண்ணியிருக்கேன். நாங்க புதைச்சத எண்ணினதே இல்லம்மா" என்றார்.