எண்தானா? ஒரு குட்டி ஸ்கிரிப்ட் மூன்று வாரம் இழுத்த கதை

தினமும் நடப்பதை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் குறித்து வருகிறேன். நாளுக்கு ஒரு வரி: தேதி, கிலோமீட்டர், காலடி எண்ணிக்கை. மாதக் கடைசியில் கூட்டிச் சராசரி சொல்ல ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். போன மாதம் 26 நாள் நடந்தேன், மொத்தம் 104 கி.மீ. சராசரி 4 என்று மனக்கணக்கே சொல்லிவிடும். ஸ்கிரிப்ட் 3.47 என்றது.

நடக்காத நான்கு நாட்களுக்குக் கிலோமீட்டர் இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். வெற்று ஸ்ட்ரிங்கை (ஓர் எழுத்தும் இல்லாத எழுத்துத் தொடரை), எண்ணாக மாற்றித் தரும் நம்பர் ஃபங்ஷனிடம் கொடுத்தால் பிழை வராது, 0 வரும். ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் 104-ஐ 30-ஆல் வகுத்திருக்கிறது.

சரி, எண்களைச் சரிபார்க்கவும் ஒழுங்காகக் காட்டவும் நாலைந்து ஃபங்ஷன்களைத் தனி ஃபைலில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. ஃபங்ஷன்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன்: எண்தானா (எண்ணா என்று பார்க்க), முழுதாக்கு (தசமத்தைச் சுருக்க), புள்ளியிடு (காற்புள்ளி போட). ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்கிறது, ஒற்றுப்புள்ளி கொம்பு உட்பட.

முதல் வாரம் முழுக்க எண்தானா. கொடுத்தது எண் இல்லையென்றால் ஆம் என்று சொல்லும் ஐஸ்நேன் ஃபங்ஷனைத் தலைகீழாகத் திருப்பினால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். வெற்று ஸ்ட்ரிங், வெறும் ஸ்பேஸ், நல் (எதுவுமில்லை என்ற மதிப்பு), ட்ரூ (ஆம் என்ற மதிப்பு), ஏன், வெற்று அரே (பட்டியல்) கூட எண் என்று தேறிவிட்டன. ஐஸ்நேன் முதலில் தன்னிடம் வந்ததை எண்ணாக மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது, அதுதான் காரணம். ஜாவாஸ்கிரிப்டின் 2015 பதிப்பான இஎஸ் 2015-இல் வந்த நம்பர்.ஐஸ்நேன் அப்படி மாற்றாது. ஆனால் அது கேட்கும் கேள்வியே வேறு: வந்தது, எண்ணாக மாற்ற முடியாதபோது கிடைக்கும் ‘நேன்’ என்ற அந்த ஒரே மதிப்புதானா என்று மட்டும் பார்க்கும். ‘வாழை’ என்று கொடுத்தாலும் இல்லை என்றே சொல்லும். போதாததற்கு, ‘எண் அல்ல’ என்று பொருள்படும் நேனின் டைப்பைக் கேட்டால் ‘நம்பர்’ என்று பதில் வரும். இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அன்றைக்கு மூடிவைத்தேன்.

அடுத்து, ஸ்ட்ரிங்கிலிருந்து எண்ணைப் படித்தெடுக்கும் பார்ஸ்ஃப்ளோட். வெற்று ஸ்ட்ரிங்குக்கு நேன் தருகிறதே, நல்ல பிள்ளை என்று நம்பினேன். ஆனால் அது இடமிருந்து படித்துக்கொண்டே போய், புரியாத எழுத்து வந்ததும் அதுவரை கிடைத்ததைக் கொடுத்துவிடும். 4.2.5 என்று கை தவறி அடித்ததற்கு 4.2 தந்தது. காலடி எண்ணிக்கை 6,512-க்கு வெறும் 6. நம்பர் ஃபங்ஷனாவது காற்புள்ளியைப் பார்த்ததும் நேன் என்று கையை விரிக்கும். இது வாய் திறக்காமல் தவறான எண்ணைத் தருகிறது. இரண்டில் இதுதான் மோசம் என்பேன்.

கடைசியில், மாற்றிப் பார்த்துச் சோதிக்கும் யோசனையையே விட்டேன். ஃபைலிலிருந்து வருவது எப்படியும் ஸ்ட்ரிங்தான். எனக்கு எந்த வடிவம் வேண்டுமோ அதை ரீஜெக்ஸாக (எழுத்துகளின் வடிவத்தை விவரிக்கும் குறியீடாக) எழுதி, பொருந்தினால்தான் எண்:

/^[+-]?[0-9]+(\.[0-9]+)?$/

இதில் 1000-ஐ 1e3 என்று குறுக்கி எழுதும் அடுக்குக்குறி வடிவம் தேறாது, முன்னால் முழு எண் இல்லாத .5 தேறாது. என் ஃபைலில் இரண்டும் வராது, வந்தால் தவறுதான். ‘எது எண்?’ என்பதை மொழியிடம் விடாமல் நானே முடிவு செய்த பிறகு ஃபங்ஷன் ஒரே வரியில் அடங்கிவிட்டது.

இரண்டாம் வாரம் முழுதாக்கு. தசமத்துக்குப் பின் ஒரே இலக்கம் போதும், கேட்ட இலக்கத்தோடு சுருக்கித் தரும் டூஃபிக்ஸ்ட் இருக்கிறதே என்று போட்டேன். 2.45-க்கு 2.5 வந்தது, சரி. 2.55-க்கும் 2.5 வந்தது! டூஃபிக்ஸ்டிடமே 20 இலக்கம் கேட்டுப் பார்த்தேன். 2.45 என்று நான் அடித்தது உள்ளே 2.45000000000000017764. 2.55 என்று அடித்தது 2.54999999999999982236. ஒன்று அரையைத் தாண்டி நிற்கிறது, மற்றது தாண்டவில்லை. டூஃபிக்ஸ்ட் மேல் குற்றமே இல்லை. இரும எண்ணில் இவை இரண்டும் முடிவில்லாத பின்னங்கள், 64 பிட்டில் எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

நூறால் பெருக்குவது, அடுக்குக்குறியை ஸ்ட்ரிங்காக ஒட்டி ஏமாற்றுவது என்று இரண்டு நாள் போயிற்று. ஒட்டும் வித்தை நன்றாகவே வேலை செய்தது, மிகச் சிறிய எண்கள் வரும்வரை. அவை ஏற்கெனவே அடுக்குக்குறியோடு ஸ்ட்ரிங்காகின்றன, அதன்மேல் இன்னொன்றை ஒட்டினால் நேன். அப்புறம்தான் உறைத்தது: கிலோமீட்டரில் ஏன் வைத்திருக்க வேண்டும்? மீட்டரில் வைத்தால் எல்லாம் முழு எண். 2550-ஐ 100-ஆல் வகுத்தால் 25.5. சரியாக அரை என்பதால் இருமத்தில் பிசிறே இல்லை. அருகிலுள்ள முழு எண்ணாக்கும் மேத்.ரவுண்ட் அதை 26 ஆக்குகிறது, காட்டும்போது 2.6. பழைய ஃபைலை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

போன வாரத்தோடு ஒப்பிட்டு ஏற்ற இறக்கம் காட்டும்போது மட்டும் இரண்டு சில்லறைத் தொல்லைகள். மேத்.ரவுண்ட் அரையை எப்போதும் மேல்பக்கம்தான் தள்ளும். 2.5 என்றால் 3, ஆனால் -2.5 என்றால் -2. குறியைக் கழற்றி வைத்துவிட்டு முழுதாக்கி மறுபடி மாட்டினேன். அப்படி மாட்டும்போது, மிகச் சிறிய இறக்கத்துக்கு -0.0 என்று திரையில் வந்தது. விடை பூஜ்யமானால் குறியைத் தூக்கிவிடு என்று ஒரு வரி.

புள்ளியிடு சுலபம். காற்புள்ளிக்குக் கையால் எழுதிய ரீஜெக்ஸ் 1234.5678-ஐ 1,234.5,678 ஆக்கியதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்ட்எல்.நம்பர்ஃபார்மட்டுக்கு மாறினேன். தமிழ் லொகேலை (எந்த மொழியின் வழக்கு என்று சொல்லும் குறியை) கொடுத்தால் 12,34,567 என்று லட்சக் கணக்கில் பிரிக்கிறது. தசமத்தில் மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் அதன் இயல்பு, கூடுதலாக வேண்டுமென்றால் சொல்ல வேண்டும்.

லொகேலோடு எண்முறையையும் சொன்னால் ௧௨,௩௪,௫௬௭ என்று தமிழ் எண்களிலேயே காட்டும். வேலையை விட்டுவிட்டு அரைமணி நேரம் இதில் விளையாடினேன். பழைய எண்முறையில் பூஜ்யம் கிடையாது, பத்துக்கு ௰, நூறுக்கு ௱. இப்போது புழங்கும் ௦ யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல்தான். சரி, ௧௨ என்று காட்டியதைத் திருப்பிப் படிக்குமா? நம்பர் ஃபங்ஷன் நேன் என்றது. பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழியில் அதே ஸ்ட்ரிங்கை, முழு எண்ணாக மாற்றும் இன்ட்டிடம் கொடுத்தேன், மறுபேச்சில்லாமல் 12 என்றது.

ஃபைல் இப்போது நாற்பது வரி. அடுத்தது நேரம்: 1:05 என்பது ஒரு மணி ஐந்து நிமிடமா, ஒரு நிமிடம் ஐந்து நொடியா என்று பழைய வரிகளைப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை.