கொப்பளித்த தண்ணீர்

பல் துலக்கிக் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிச் சட்டை நனைந்தது. முகத்தின் ஒரு பக்கம் அசையாமல் போகும் முகவாதம். 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கியாயிற்று. இரவில், மூடாத இமைக்கு டேப்.

மூன்று மாதமாகியும் புருவம் முழுசாக ஏறவில்லை. கட்டி ஏதும் நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். படம் தெளிவாக விழ ஊசி வழி செலுத்தும் காடோலினியம் மருந்து ஏறும்போது கை சில்லிட்டது. கட்டி இல்லை. ஆனால் காதெலும்பின் குறுகலான குழாய்க்குள் முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு மட்டும் வெள்ளையாக மின்னியது. எனக்குப் பகீரென்றது.

முகம் தேறிய பிறகும் அந்த மினுக்கம் மாதக்கணக்கில் நிற்கலாமாம். “படத்துக்கு மார்க் போட முடியாது. கண்ணை இறுக்கி மூடுங்க, சிரிங்க” என்ற டாக்டர், முக அசைவை மதிப்பிடும் ஹவுஸ்-பிராக்மன் அளவில் 3 என்று எழுதினார். 1 என்றால் இயல்பு, 6 என்றால் அசைவே இல்லை. சரி, பாதிக் கிணறு!

இன்று காலை சட்டையில் இரண்டே சொட்டு.