மல்லிக்குக் குட்டி வேண்டுமா?

காட்பாடியில் எங்கள் வீட்டில் வளரும் லாப்ரடார் பெட்டை மல்லிக்கு மூன்று வயது. பக்கத்துத் தெருக்காரர் தம் ஆண் நாயோடு இணை சேர்க்கலாம் என்றார். அத்தையோ, "ஒரு ஈற்றாவது ஈனட்டுமே, பாவம்" என்றார். ஒருமுறை ஈன்றால்தான் பெட்டை நாய் நலமாக இருக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஆயினும், அவள் குட்டிகளைக் காணும் ஆசை எனக்கும் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

லாப்ரடார்களிடம் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதால், இணை சேர்க்கும் முன் இரண்டு நாய்களுக்கும் இரண்டு வயதுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும், கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா தொற்று இல்லையென்று இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்வதும் அவசியம் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். மல்லியின் படத்தில் இடது தொடை எலும்பின் தலை குழிக்குள் சரியாகப் பொருந்தவில்லை. நன்றாகத்தான் ஓடுகிறாள், ஆனால் அதைக் குட்டிகளுக்குக் கடத்த எனக்கு உரிமை ஏது?

கர்ப்ப காலம் சுமார் 63 நாள் என்பதால், மார்ச்சில் சினைப்பட்டால் எங்கள் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில்தான் ஈனுவாள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளை விற்கக் கூடாது என்கின்றன. ஏழெட்டுக் குட்டிகளை அதுவரை வளர்த்து நல்ல வீடுகளில் சேர்க்க வேண்டும். கேட்டுப் பார்த்ததில் உறுதியாக வாக்களித்தவர் இருவரே.

இணைசேரும் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது என்பதால், கருத்தடை அறுவை சிகிச்சைக்கு ஆடியில் நாள் குறித்திருக்கிறோம். அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை.